கடன் வாங்கிய முகம்: சயாகா முராட்டாவின் நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடந்த விடுமுறையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தம்பியின் மகள் ஒரு சின்ன ஆங்கில நாவலைக் கையில் தந்தாள். "மாமி, இத ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. ரெண்டு நாள்ல முடிச்சிருவீங்க" என்றாள். அவள் சொன்னதுபோல இரண்டு நாளில் முடிந்தது. ஆனால் அதைப் பற்றி எழுத எனக்கு நாலு மாதம் எடுத்திருக்கிறது. அந்தத் தாமதத்துக்கு ஒரு மாணவி காரணம். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சயாகா முராட்டா 1979இல் பிறந்த ஜப்பானிய எழுத்தாளர். அவருடைய 'கொன்பினி நிங்கென்' என்ற நாவல் 2016இல் அகுதாகவா பரிசைப் பெற்றது. 2018இல் ஜின்னி டாப்லி டகெமோரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்' என்ற தலைப்பில் வெளியானது. 'கொன்பினி' என்பது இரவு பகலாகத் திறந்திருக்கும் சிறிய பல்பொருட் கடை. முராட்டா தாமும் பல வருடங்கள் அப்படியான கடைகளில் பகுதிநேர வேலை செய்தவர். பரிசு கிடைத்த காலத்திலும் அந்த வேலையில்தான் இருந்தார். 'நிங்கென்' என்றால் மனிதர். மூலத் தலைப்பில் பெண் என்ற சொல்லே கிடையாது. ஆங்கிலத்துக்கு வரும்போது அந்த 'மனிதர்' 'பெண்' ஆகிவிட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கதாநாயகி கெய்கோ நாவல் முழுக்கப் பாடுபடுவது மனிதராக எண்ணப்படுவதற்கு. சுற்றியிருப்பவர்கள் அவளிடம் தேடுவதோ ஒரு பெண்ணை. இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாவலின் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

கெய்கோவுக்கு வயது 36. பல்கலைக்கழகத்து முதல் வருடத்தில், 1998இல், புதிதாகத் திறந்த ஒரு கடையில் பகுதிநேரமாகச் சேர்ந்தவள் 18 வருடங்களாக அங்கேயே இருக்கிறாள். கல்யாணம் இல்லை, 'ஒழுங்கான' உத்தியோகமும் இல்லை. சிறுவயதில் பூங்காவில் ஒரு குருவி செத்துக் கிடக்கிறது. மற்றப் பிள்ளைகள் அழுகிறார்கள். இவள் அதைத் தாயிடம் கொண்டுபோய், வாப்பாவுக்குக் கோழி வாட்டினால் பிடிக்குமே, இதையும் வாட்டிச் சாப்பிடலாமே என்று கேட்கிறாள். ஆரம்பப் பாடசாலையில் இரண்டு பையன்கள் சண்டை பிடிக்கிறார்கள். யாராவது நிறுத்துங்கள் என்று மற்றவர்கள் கத்த, இவள் மண்வெட்டி ஒன்றை எடுத்துவந்து ஒருவனின் தலையில் அடித்து நிறுத்திவிடுகிறாள். சொன்னதைத்தானே செய்தோம், ஏன் எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. தாயும் தகப்பனும் கவலைப்படுவதைக் கண்டு ஒரு முடிவுக்கு வருகிறாள்: இனித் தானாக எதையும் செய்வதில்லை, ஒன்றில் மற்றவர்களைப் பார்த்துச் செய்வது, இல்லாவிட்டால் சொன்னதை மட்டும் செய்வது. அதோடு வீட்டாருக்கு நிம்மதி. பிள்ளை அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

கெய்கோவுக்குக் கடை பிடித்துப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கைநூல் இருக்கிறது. எப்படிச் சிரிப்பது, எந்தத் தொனியில் வரவேற்பது, எப்போது குனிவது என்று படம் காட்டிப் பழக்குகிறார்கள். வெளியுலகில் அவளுக்கு யாரும் தராத ஒன்று அது. மற்றவர்கள் எல்லாரும் பிறக்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்த மாதிரி நடக்கிறார்கள். இவளுக்கு மட்டும் பாடப்புத்தகம் கிடைக்கவில்லை. கடையில் கிடைத்துவிட்டது. ஆனால் கைநூல் வாடிக்கையாளர் முன்னால் நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான். உடைமாற்றும் அறையில் எப்படிக் கதைப்பது என்று அதில் இல்லை. எனவே சக ஊழியர்களைக் கெய்கோ பாடமாக எடுத்துக்கொள்கிறாள். இஸுமியின் சப்பாத்தும் கைப்பையும் எந்தக் கடையில் வாங்கியவை என்று பார்த்து அதே ரகத்தில் தானும் வாங்குகிறாள். சுகவாராவின் பேச்சு இழுவையைத் தன் வாயில் ஏற்றிக்கொள்கிறாள். யாராவது இன்னொரு ஊழியரைப் பற்றிக் கோபப்பட்டால் தானும் முகத்தில் கோபத்தை வரவழைக்கிறாள்; அவர்களுக்கு அது சந்தோசமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பரீட்சைக்காகப் பாடமாக்கி, இன்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். உள்ளத்தில் எழுவது மெய்யில் படும் என்பது அதன் அடிப்படை. நகை, அழுகை, வெகுளி என எட்டாக வகுத்திருப்பதும் அதனால்தான். முகத்தைப் பார்த்து மனத்தை அறியலாம் என்ற நம்பிக்கையில் நம்முடைய இலக்கியச் சுவை மட்டுமல்ல, வகுப்பறையும், பெண் பார்க்கும் சடங்கும், மையத்து வீட்டில் யார் அழுதார் யார் அழவில்லை என்ற கணக்கும் நிற்கின்றன. கெய்கோ இந்த வாய்பாட்டைத் தலைகீழாக்கிவிடுகிறாள். அவளுடைய மெய்யில் இருப்பது அவளுடைய உள்ளத்தில் இல்லை. பக்கத்தில் நின்றவளின் உள்ளத்திலிருந்து எடுத்தது. முராட்டாவின் பெரிய சாதனை இதுதான் என்பேன். கடன் வாங்கிய முகத்தை வெளியில் நின்று பரிகசிக்காமல், அதை ஒவ்வொரு நாளும் அணியும் வேலையை உள்ளிருந்து, எந்த முறைப்பாடும் இல்லாத குரலில் சொல்லிவிடுகிறார்.

இந்த வேலைக்கு இன்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைப்போலத் தோன்றுவதற்காகத் தம் இயல்பை மறைப்பதையும், கண்ணைப் பார்த்துக் கதைக்கப் பழகுவதையும், உரையாடலை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதையும் 'முகமூடி அணிதல்' என்கிறார்கள். 2017இல் லோரா ஹல் முதலானோர் இங்கிலாந்திலிருந்து வெளியிட்ட ஆய்வு, இப்படி மறைத்து வாழ்வோர் அதற்குக் கொடுக்கும் விலையாகக் கடும் களைப்பைக் குறிப்பிட்டது. பெண்களிடம் இது கூடுதலாக இருப்பதாகப் பின்வந்த பல ஆய்வுகள் சொல்கின்றன. பெண்பிள்ளைக்கு இதைப் பழக்கிவிடும் ஆட்களும் அதிகம் அல்லவா? "பொம்புளப்புள்ள, சிரிச்ச முகமா இரி", "ஆக்கள் வந்தா எழும்பிப் போய்க் கதை" என்று மூணு வயதிலிருந்தே சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

மறைத்தவர்கள் கணக்கில் வராமல் போனார்கள். 1943இல் அமெரிக்காவில் லியோ கன்னர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் 11 பிள்ளைகள். அவர்களில் 8 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள். மறுவருடம் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் விவரித்தவர்கள் ஆண்பிள்ளைகள். இவர்கள் இருவருக்கும் முன்னரே, 1920களில், மொஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் வைத்தியர் இத்தகைய பெண்பிள்ளைகளைப் பற்றியும் எழுதியிருந்தார். நீண்ட காலம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு ஆணுக்கு ஒரு பெண் என்பதே நெடுநாள் வாய்பாடாக இருந்தது. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும் என்றும், பெண்கள் கண்டறியப்படாமல் விடுபடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அளவுகோல் ஆண்பிள்ளையைப் பார்த்துச் செய்யப்பட்டிருந்தால் பெண்பிள்ளை அதில் அகப்படாதுதான்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச் சிதறல் நிலையிலும் இதே கதைதான். கதிரையில் இருக்காமல் ஓடித்திரியும் பையன் ஆசிரியரின் கண்ணில் படுவான். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மனத்துக்குள்ளே ஓடித்திரியும் பெண்பிள்ளை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல், அறிகுறிகள் 7 வயதுக்கு முன் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்த நிபந்தனையை 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் 12 என்று தளர்த்தியது. ஓட்டிசமும் இதுவும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டதும் அந்தப் பதிப்பில்தான். அதற்கிடையில் அந்தப் பெண்பிள்ளைகள் வளர்ந்து குடும்பப் பெண்களாகிவிட்டார்கள். ஒரு வீட்டை நடத்துவது என்பது என்ன? பால் பொங்க முதல் அடுப்பை நிறுத்த நினைவு வேண்டும். மின்சாரக் கட்டணம், பிள்ளையின் தடுப்பூசி, மாமியின் மருந்து, நாளைக்கு அரைக்க ஊறப்போட வேண்டிய அரிசி எல்லாம் ஒரே தலைக்குள் வரிசையாக நிற்க வேண்டும். எந்த ஆற்றலில் மூளை வேறுபட்டிருக்கிறதோ அந்த ஆற்றலையே பெண்ணின் இலக்கணமாக நாம் வைத்திருக்கிறோம். ஆணுக்கு மறதி என்றால் "அவருக்கு வேற யோசினை". பெண்ணுக்கு மறதி என்றால் "பொடுபோக்கு". அவனுக்கு அது குணம், இவளுக்குக் குற்றம்.

இனி அந்த மாணவி. பத்து வருடத்துக்கு மேலாகிறது, தரம் 9. இரண்டாவது வாங்கில் இருப்பாள். அதிர்ந்து பேச மாட்டாள். வகுப்பு சிரித்தால் ஒரு கணம் பிந்திச் சிரிப்பாள். அவளுடைய கையெழுத்து முதலாம் தவணையில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டாம் தவணையில் உருண்டையாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பிள்ளை மாறியிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. 'என் தோழி' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் அன்பு, பாசம், உயிர் என்று எழுதினார்கள். இவள் ஒரு பட்டியல் எழுதியிருந்தாள். தோழி 'சாப்பிட்டியா' என்றால் 'ஓம், நீ?' என்று கேட்க வேண்டும். தோழி அழுதால் தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க வேண்டும். தோழி வேறு ஒருத்தியைப் பற்றிக் கதைத்தால் 'அப்படியா' என்று சொல்ல வேண்டும். இருபதுக்கு ஒன்பது போட்டு, 'உணர்ச்சி போதாது' என்று சிவப்பு மையில் எழுதினேன். தேர்ச்சி அறிக்கையில் 'அமைதியான, ஒழுங்கான மாணவி' என்று எழுதினேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய உம்மா வந்தார். "டீச்சர், புள்ள ஊட்ட வந்தா ஒரு சொல்லுக் கதைக்காது. யூனிபோமக் கூடக் கழட்டாம கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்துக்கும். வெளிச்சம் வேணாங்கும், சத்தம் வேணாங்கும். மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பொறகுதான் எழும்பும். ஓதித் தண்ணியும் குடுத்துப் பாத்தம், இசிமும் கட்டினம்." நான் சொன்னேன்: "இஞ்ச அப்படி ஒண்டுமே இல்லையே. நல்ல அமைதியான புள்ள. இந்த வயசுல அப்படித்தான், யோசிக்காதீங்க." அடுத்த வருடம், சாதாரண தரத்துக்கு முன்னரே, அவள் பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள். என்ன காரணமென்று நான் விசாரிக்கவில்லை. அவளுக்கு இன்ன நிலை என்று இப்போதும் நான் சொல்ல முடியாது. அது வைத்தியரின் வேலை. ஆனால் அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. தனக்குக் கிடைக்காத பாடப்புத்தகத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அவள். தோழி அழும்போது தண்ணீர்ப் போத்தல் கொடுப்பதில் என்ன உணர்ச்சி போதாமல் போயிற்று? நான் தேடியது மெய்ப்பாட்டை. அவள் எழுதியது செயலை.

நாவலுக்குத் திரும்புவோம். கெய்கோவின் இரண்டாவது சோதனை கல்யாணம். 36 வயதுவரை ஒரு பெண் தனியே இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். தங்கை அவளுக்குப் பொய்கள் தயாரித்துக் கொடுக்கிறாள்: சிநேகிதிகளிடம் உடம்பு சுகமில்லை என்று சொல், கடையில் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று சொல். 'குமர்' என்ற சொல் புழங்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தப் பகுதியை விளங்கிக்கொள்ள அடிக்குறிப்பே தேவைப்படாது. அந்த நேரத்தில் ஷிராஹா வருகிறான். சோம்பேறி, யாரையும் மதியாதவன், கடைக்கு வந்த ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து வேலையை இழந்தவன். கற்காலத்திலிருந்து இன்றுவரை உலகம் மாறவில்லை, பொருந்தாதவரைக் கூட்டம் ஒதுக்கிவிடும் என்று ஓயாமல் பேசுகிறான். அவனைக் கெய்கோ தன் அறையில் வைத்துச் சோறு போடுகிறாள். ஒரு ஆண் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்த கணத்தில் தங்கை ஆனந்தப்படுகிறாள். கடையிலுள்ளவர்கள் வேலையை விட்டுவிட்டு அவளைச் சுற்றிக்கொள்கிறார்கள். 18 வருடம் பிழையில்லாமல் உழைத்தவளுக்குக் கிடைக்காத அங்கீகாரம், உதவாக்கரை ஒருவனைக் குளியலறையில் ஒளித்து வைத்திருந்ததும் கிடைக்கிறது.

ஷிராஹாவும் பொருந்தாதவன்தான். ஆனால் அவன் தன் பொருந்தாமைக்கு உலகத்தைக் குற்றஞ்சாட்டுகிறான். கெய்கோ தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறாள். ஒரே நிலை ஆணில் முறைப்பாடாகவும் பெண்ணில் உழைப்பாகவும் வெளிப்படுவதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய இன்னொரு நாவலை நான் வாசித்ததில்லை. தங்கை வீட்டுக்கு வந்து உண்மையைக் கண்டு அழும் காட்சி இதன் உச்சம். ஷிராஹா ஒரு பொய் சொல்கிறான்: பழைய காதலியைச் சந்தித்தேன், அதனால் எங்களுக்குள் சண்டை. தங்கை உடனே தெளிந்து அவனை ஏசத் தொடங்குகிறாள். பிரச்சினை இல்லாத, ஆனால் வேறுபட்ட ராத்தாவைவிட, சண்டையும் துன்பமும் நிறைந்த சாதாரண ராத்தா அவளுக்கு ஆறுதலாக இருக்கிறாள்.

நாவலைக் குறை சொல்லாமல் விடவும் முடியாது. முராட்டா எந்த இடத்திலும் நோய்ப்பெயர் சொல்லவில்லை. ஆனால் உலகெங்கும் பல வாசகர்கள் கெய்கோவை ஓட்டிசம் உள்ள பெண்ணாகவே வாசித்திருக்கிறார்கள். அப்படி வாசிக்கும்போது ஓரிடம் உறுத்துகிறது. தங்கையின் குழந்தை அழுகிறது. மேசையில் கேக் வெட்டும் சிறு கத்தி இருக்கிறது. குழந்தையை அமைதிப்படுத்துவது மட்டும்தான் நோக்கமென்றால் எவ்வளவு இலகு என்று கெய்கோ நினைக்கிறாள். செத்த குருவி, மண்வெட்டி, இந்தக் கத்தி மூன்றையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்கும் வாசகர், இப்படியான பெண்கள் இரக்கமற்றவர்கள் என்ற பழைய அச்சத்தோடு எழும்பிப் போகக்கூடும். அது உண்மைக்குப் புறம்பானது. முகத்தில் காட்டத் தெரியாததும் மனத்தில் இல்லாததும் ஒன்றல்ல. கதவு மணியும் நாணயச் சத்தமும் உடம்புக்குள் வந்து விழுமளவுக்கு உணர்பவள் கெய்கோ. முராட்டா வாசகரை அதிர வைக்கும் ஆசையில் அந்தக் கத்தியைத் தொட்டுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. பிற்பகுதியில் ஷிராஹாவின் பேச்சுகளும் ஒரே தட்டில் நீளுகின்றன.

முடிவிலும் வாசகர்கள் பிரிகிறார்கள். ஷிராஹாவின் வற்புறுத்தலால் கடையை விட்ட கெய்கோவுக்கு எப்போது தூங்குவது, எதற்காகச் சாப்பிடுவது என்றே தெரியாமல் போகிறது. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் வழியில் வேறொரு கடைக்குள் நுழைகிறாள். அதன் தேவைகள் அவளுக்குக் குரல்போலக் கேட்கின்றன. தன்னையறியாமல் தட்டுகளை ஒழுங்குபடுத்துகிறாள். தான் யார் என்று தெரிந்துவிடுகிறது. மனிதர் என்ற பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அவனை உதறிவிடுகிறாள். இது விடுதலையா, குறைந்த கூலிக்கு உழைக்கும் யந்திரமாக ஒரு பெண் தன்னை ஒப்புக்கொடுப்பதா? இரண்டாவது வாசிப்பில் நியாயம் உண்டு. ஆனால் கெய்கோவுக்கு யாரும் மூன்றாவது இடம் ஒன்றைத் தரவில்லையே. ஒன்றில் கைநூல் உள்ள கடை, இல்லாவிட்டால் கைநூல் இல்லாத கல்யாணம். அவள் தெரிவுசெய்ததைக் குறைசொல்ல முதல், அந்த இரண்டை மட்டும் வைத்த கையைப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் பெயர் வேண்டுமா, வேண்டாமா? அவுஸ்திரேலிய சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தம் ஆய்வேட்டில் நரம்பியல் பன்மைத்துவம் பற்றி எழுதியது, மூளைகள் பலவிதம், அதில் ஒரு விதத்தை மட்டும் சரியென்று வைக்காதீர்கள் என்று சொல்வதற்காக. தம்பியின் மகள் பெயர் வேண்டும் என்கிறாள். "பெயர் தெரிஞ்சாத்தான் மாமி, தன்னிலதான் பிழை எண்டு நெனைக்க மாட்டாங்க." நான் அவளோடு ஒத்துப்போகிறேன், வளர்ந்தபின் தன் நிலையை அறிந்த பெண்கள் பலர் அந்தப் பெயரைத் தண்டனையாக அல்ல, விளக்கமாகப் பெற்றதாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஊரில் பெயர் வைத்தால் அது வைத்தியரின் கடதாசியில் நிற்காது. கல்யாணத் தரகர்வரை போகும். பெயர் வராத வீட்டில் 'மோடு', 'ஒரு மாதிரி', 'பார்வை பட்டது' என்ற பெயர்கள் ஏற்கனவே காத்திருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. நாவலாசிரியர் பெயரைத் தவிர்க்கலாம். அது கலையின் உரிமை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அந்த உரிமை அவ்வளவு இலகுவாகக் கிடையாது.

இதை எழுதும்போது இந்தத் தவணைத் தேர்ச்சி அறிக்கைகள் மேசையில் கிடக்கின்றன, 38 பிள்ளைகள். ஒருத்தியின் பெயருக்கு நேரே பழக்கத்தில் 'அமைதியான' என்று தொடங்கிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். அடுத்த வியாழன் பெற்றோர் கூட்டம். பாடசாலை விட்டு வந்து முதல் ஒரு மணித்தியாலம் புள்ள வீட்டில் என்ன செய்யும் என்று அவளுடைய உம்மாவிடம் கேட்டுவிட்டு, அந்தக் கட்டத்தை நிரப்புவதாக இருக்கிறேன்.